புல் முடிந்த சந்தி



எழுதுவோர் அடிக்கடி வெளியூர் செல்பவர்கள். நூல் வெளியீடு, கவியரங்கம், கருத்தரங்கு, நண்பர் வீட்டுத் திருமணம் என ஏதேனும் ஒரு காரணம் அவர்களை அழைத்துச் செல்கிறது. வந்த காரியம் முடிந்த பின்னும் சில வேளைகளில் நாள் எஞ்சி விடுகிறது. திரும்பும் இரயிலுக்கு இரண்டு நாளோ மூன்று நாளோ இருக்கும். அந்நாள்களில் எங்கே போவது என்ற வினா எழும். பெரும்பாலும் விடுதிப் பணியாளரிடமோ வாடகைக் கார் ஓட்டுநரிடமோ கேட்டு அரை மணி நேரத்தில் அது முடிவு செய்யப்படுகிறது. அந்தச் சிறு வினாவைப் பற்றியதே இவ்வுரை. பெரும் பயணத்திலிருந்து கிளைத்துச் சென்று மீளும் இச்சிறு பயணத்தைக் கிளைப்பயணம் எனலாம். அதனை நீலகிரியில் வைத்துப் பார்ப்பது பொருத்தம். எஞ்சிய நாளில் பலரும் ஏறும் மலை அது. ஏறியவர் பலரும் காணாமலே இறங்கும் மலையும் அதுவே.

ஒரு கவிஞரை எண்ணிக்கொள்ளலாம். கோவையில் ஒரு விழாவுக்கு வந்தார். விழா வெள்ளிக்கிழமை மாலை முடிந்தது. ஊர் திரும்பும் இரயில் திங்கள் இரவுதான். இடையில் மூன்று பகல், மூன்று இரவு. மேட்டுப்பாளையம் கோவையிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அங்கே பவானியாற்றைக் கடந்ததும் மலைச்சாலை இரண்டாகப் பிரிகிறது. இடப்புறச் சாலை பர்லியாறு வழியே குன்னூருக்கும் உதகைக்கும் செல்வது. வலப்புறச் சாலை கோத்தகிரிக்குச் செல்வது. கவிஞர் அந்தச் சந்தியில் நிற்கிறார். எவ்வழி செல்வது?

சந்தியில் நிற்பவனுக்கு வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக ஆக்கிய மொழி தமிழ். ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்று மீள்பவன் பரிசில் நாடி எதிர்வருபவனை வழிப்படுத்துவது. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டு ஆற்றுப்படைகள். இவற்றுள் கூத்தராற்றுப்படை எனவும் பெயர்பெறும் மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. செங்கண்மா என்னும் ஊரிலிருந்து ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு மலைவழி கூறும் அப்பாட்டைப் பெருங்கௌசிகனார் பாடினார். உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் 1889-இல் பதிப்பித்தார். அதன்பின் அதனை வள்ளலின் புகழாகவும் இயற்கை வருணனையாகவும் போற்றியவர் பலர். அது ஒரு நல்ல வழிகாட்டி நூலும் ஆகும் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

அப்பாட்டு மலையின் அழகைக் கூறும் முன்னும் பின்னும் அதன் இடரைக் கூறுகிறது. பன்றிக்கு வைத்த பொறி இருக்கும் வழி எது, பாம்பு கிடக்கும் குழி எது, பாசி படர்ந்து வழுக்கும் பாறை எது, தினைப்புனம் காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கல் வரும்போது எங்கே ஒதுங்குவது என்றெல்லாம் அறிவுறுத்துகிறது. எந்த ஊரில் எவர் விருந்தோம்புவர், என்ன உணவு கிடைக்கும் என்கிறது. வழியில் உள்ள நடுகல்லை வணங்கிச் செல்லச் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அறிவுரை உண்டு. புதிய நிலத்தில் வழிகள் கலந்து மயங்கும் சந்தியில், பின்னே வருவோர் தெரிந்துகொள்ளுமாறு புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்பது அது. தான் வழி தேடுகையிலேயே பின்வருபவனை நினைப்பது ஆற்றுப்படையின் அறம். எஞ்சிய நாளில் மலையேறும் கவிஞருக்கும் இந்த அறமே போதும்; ஆயின் இதனைக் கைக்கொள்வது எளிதன்று.

நாள் குறைவாக இருப்பது குறையா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நீலகிரியின் வரலாற்றிலேயே இதற்கு விடை உண்டு. 1603-ஆம் ஆண்டு கள்ளிக்கோட்டையிலிருந்து ஃபெனிசியோ என்னும் இத்தாலியப் பாதிரியார் அட்டப்பாடி வழியாக இம்மலைக்கு ஏறினார். பண்டைக் கிறித்தவரின் வழித்தோன்றல்கள் மலைமேல் வாழ்கின்றனர் என்ற செய்தி கேட்டு அவர்களைத் தேடி வந்தவர் அவர். அப்படி எவரும் அங்கு இல்லை. வந்த நோக்கம் பொய்த்தது. ஆயினும் அவர் கண்டதைக் கண்டவாறு எழுதினார். படகர் ஊரையும், எருமை மேய்க்கும் தோடரையும், அவர்தம் பூசாரியின் வாழ்க்கை முறையையும் தம் கடிதத்தில் குறித்தார். சில நாளே தங்கிய ஒருவர் எழுதிய அக்கடிதம், தோடரைப் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றுள் முதலாவதாக இன்றும் விளங்குகிறது. தோடரை ஆராய்ந்த ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட தம் நூலில் அதன் மொழிபெயர்ப்பைச் சேர்த்துள்ளார்.

இதற்கு எதிரான சான்றும் உண்டு. பின்னாளில் பெரும்பயணி எனப் புகழ்பெற்ற ரிச்சர்டு பர்ட்டன் 1847-இல் நோய்விடுப்பில் உதகைக்கு வந்து மாதக்கணக்கில் தங்கினார். பன்மொழி கற்றவர், கூரிய பார்வையர். கோவாவையும் நீலமலையையும் பற்றி அவர் எழுதிய நூல் 1851-இல் வெளிவந்தது. அந்நூலில் கேலி உண்டு, விவரம் உண்டு. உதகையில் அவருக்கு விரைவிலேயே உண்டான சலிப்பும் மறைவின்றித் தெரிகிறது. பாதிரியாரிடம் ஒரு வினா இருந்தது. அது தவறான வினா, ஆனாலும் வினா. விடுப்பில் வந்தவரிடம் நாள் இருந்தது, வினா இல்லை. எனவே கிளைப்பயணத்தைத் தேர்பவர் முதலில் தேர வேண்டியது இடத்தை அன்று, வினாவை.

நெடுநாள் வாழ்ந்து எழுதுவதற்கு ஈடில்லை என்பதும் உண்மை. இராஜம் கிருஷ்ணன் மின்துறைப் பொறியாளரான கணவருடன் நீலகிரியில் வாழ்ந்தவர். படகர் வாழ்வில் தேயிலையும் மின்திட்டமும் கொணர்ந்த மாற்றத்தை அவர் 'குறிஞ்சித்தேன்' புதினத்தில் எழுதினார். மூன்று நாளில் மீளும் கவிஞர் அப்படியொரு நூலை எழுத இயலாது. எழுத முயலவும் கூடாது. ஆனால் அந்நூலைப் படித்துவிட்டு ஏறலாம். படித்துவிட்டு ஏறுபவருக்கு மூன்று நாள் முப்பது நாளாகும்.

வினாவுக்கு அடுத்தபடி எண்ண வேண்டியது பருவம். நீலகிரி ஒரே மலையாகத் தோன்றினும் மழையை அது இரண்டாகப் பங்கிட்டுக்கொள்கிறது. 2,637 மீட்டர் உயர்ந்த தொட்டபெட்டா நடுவே நிற்க, தென்மேற்குப் பருவமழை கூடலூரிலும் அவலாஞ்சியிலும் கொட்டித் தீர்க்கும்; கோத்தகிரிப் பக்கம் அம்மழை குறைவு. வடகிழக்குப் பருவத்தில் கோத்தகிரியும் குன்னூரும் மிகுதியாக நனையும். 2019 ஆகஸ்டு 8-ஆம் நாள் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 2009 நவம்பரில் மழையும் மண்சரிவும் இம்மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டன. ஆகவே ஆடி ஆவணியில் கிழக்குச் சரிவும், ஐப்பசி கார்த்திகையில் வானிலை அறிவிப்பைக் கேட்ட பின்னரே பயணமும் என்று கொள்வது நலம். மலைச்சாரலில் மழை எப்போதும் வருணனைப் பொருளாக மட்டும் இருப்பதில்லை.

இனி இடங்களைப் பார்க்கலாம். உதகை முதலில் வரும். 1848-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, சல்லிவன் 1820-களில் அமைத்த ஏரி, 1830-ஐ ஒட்டி எழுந்த தூய ஸ்தேவான் ஆலயம் ஆகியவை காணத்தக்கவையே. ஆனால் வார இறுதியில் அங்குச் செல்பவர் காண்பது பெரும்பாலும் முன்னே நிற்கும் வண்டியின் பின்புறத்தைத்தான். கூட்டத்தைக் கட்டுப்படுத்த உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025-ஆம் ஆண்டுக் கோடையில் நாளொன்றுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் விதிக்கப்பட்டது. ஒரு மலைக்கு இத்தனை வண்டி போதும் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்த காலத்தில், எங்கே போவது என்பது தனிமனிதரின் விருப்பம் மட்டுமாக இருக்க இயலாது.

உதகைக்குச் சென்றே தீர வேண்டும் என்பவருக்கு ஒரு செய்தி. பூங்காவின் மேற்பகுதியை ஒட்டித் தோடர் மந்து ஒன்று உள்ளது. தோடர் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். ஊட்டகமண்ட் என்ற ஆங்கில வடிவின் ஈற்றில் கிடப்பதும் அச்சொல்லே. வருவோர் அங்கே புகைப்படம் எடுத்துத் திரும்புகின்றனர். கவிஞர் அறிய வேண்டியது வேறு. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கித் திராவிட மொழிகளை ஆராய்ந்த எமனோ, தோடர் பாடல்களைத் திரட்டி 1971-இல் பெருநூலாக வெளியிட்டார். தோடர் பாட்டில் தொடர்கள் இணை இணையாக வரும். ஒரு கருத்தைக் கூற வழிவழி வந்த இணைத்தொடர்கள் உண்டு. அவற்றைக் கொண்டு அவ்வப்போதைய நிகழ்ச்சியைப் பாடுவர். அங்கே கவிஞர் என்ற தனிப் பிரிவு இல்லை. பாட்டுக் கட்டுதல் ஏறத்தாழ எல்லார்க்கும் கைவந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் பேசும் ஒரு திராவிட மொழியில் இப்படியொரு வாய்மொழிக் கவிதை மரபு இருப்பதை அறிந்து அம்மந்தின் முன் நிற்பவர், படக்கருவியைப் பையிலேயே வைத்துவிடுவார்.

குன்னூருக்கு மலை இரயில் பெரிய ஈர்ப்பு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும் உதகை வரை 1908-இலும் பாதை திறக்கப்பட்டது. மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பதித்த பல்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் பற்றி ஏறும். எஞ்சின் முன்னின்று இழுப்பதில்லை, பின்னின்று தள்ளுகிறது. 2005-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஏறும்போது மணிக்கணக்கில் நேரம் செல்லும் என்பதால், மூன்று நாள் உள்ளவர் இறங்குவதற்கு மட்டும் இதனைக் கொள்வது சிக்கனம். இடம் முன்னரே பதிய வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவால் ஓட்டம் நிற்பதும் உண்டு. 1874-இல் அமைந்த சிம்ஸ் பூங்காவும், டால்பின் மூக்கு முனையிலிருந்து தெரியும் கேத்தரின் அருவியும் குன்னூரின் பிற சிறப்புகள்.

மேற்கே சென்றால் நடுவட்டம், கூடலூர், பந்தலூர். நடுவட்டத்தில் கொயினா தரும் சிங்கோனா மரம் 19-ஆம் நூற்றாண்டில் பயிரிடப்பட்டது. கடல் கடந்து கொணரப்பட்ட சீனக் கைதிகள் அத்தோட்டங்களில் உழைத்தனர். அவர்களுள் சிலர் தண்டனைக் காலம் முடிந்தபின் தமிழ்ப் பெண்களை மணந்து இம்மலையிலேயே தங்கினர். 1880-ஐ ஒட்டித் தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் பொன் கிடைக்கும் என்று இலண்டனில் பங்குகள் விற்கப்பட்டு, சில ஆண்டுகளுக்குள் அக்கனவு கலைந்தது. கதை எழுதுவோருக்கு அது புதையல். எனினும் கூடலூர் உதகையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கோவையிலிருந்து போய்வரவே நாள் கழியும். மூன்று நாளில் அது அவசரமாகிவிடும். அவலாஞ்சிக்கும் மேல்பவானிக்கும் காட்டுத்துறையின் இசைவும் வண்டியும் வேண்டும். சோலையும் புல்வெளியும் மாறிமாறி வரும் பழைய மலைநிலத்தை அங்கே இன்னும் காணலாம். அதற்கெனத் தனியாக ஒருமுறை வருவதே முறை.

எஞ்சி நிற்பது வலப்புறச் சாலை. மேட்டுப்பாளையத்துச் சந்தியில் நிற்கும் கவிஞருக்குச் சொல்லத்தக்கது கோத்தகிரியே. இதற்குக் காரணம் மூன்று.

முதலாவது, ஊரின் பெயரிலேயே ஒரு மக்கள் இனம் இருக்கிறது. கோத்தர் வாழும் மலை கோத்தகிரி. இம்மலையில் ஏழு ஊர்களில் வாழும் கோத்தர், இரும்பு வேலையும் தச்சு வேலையும் அறிந்தவர். அவர்தம் மகளிர் மட்கலம் வனைவர். யாவற்றுக்கும் மேலாக அவர்கள் இசைவாணர். குழலும் பறையும் கொண்டு படகர், தோடர் இழவுச் சடங்குகளில் அவர்கள் இசைத்து வந்தனர். இருபதாம் நூற்றாண்டில் அவ்வுறவுமுறை தளர்ந்தது. கோத்தர் மொழி தமிழுக்கு நெருங்கிய உறவுடைய மொழி. எமனோ அம்மொழிக் கதைகளையும் வழக்குகளையும் திரட்டி 1940-களில் வெளியிட்டார். பாணர் மறைந்தனர் என்று சங்க இலக்கியக் கூட்டங்களில் வருந்திப் பேசும் தமிழர், இசையைக் குடித்தொழிலாகக் கொண்ட ஒரு மக்கள் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருப்பதை எண்ணுவதில்லை.

இரண்டாவது, இம்மலையின் இன்றைய வரலாறு இங்கிருந்து தொடங்கியது. கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் இவ்வழியே ஏறினார். கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் அவர் கட்டிய மாளிகை செப்பனிடப்பட்டு, நீலகிரி ஆவண மையமாகத் திகழ்கிறது. உருளைக்கிழங்கும் ஏரியும் கல் வீடும் கொணர்ந்தவர் என அவரைப் போற்றுவர். இந்நிலம் தோடர்க்கு உரியது என்று அவர் தம் அரசினரிடமே வாதாடியதும் நினைக்கத்தக்கது. அந்த வாதம் முழுமையாக வெல்லவில்லை. கண்டுபிடித்தவர் என்று அவரைக் கூறுவதும் பொருந்தாது. 1117-ஆம் ஆண்டிலேயே ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் நீலமலையைக் கைப்பற்றியதையும் தோடரை வெருட்டியதையும் ஒரு கல்வெட்டு கூறுகிறது. சிலப்பதிகாரத்தில் வடதிசை நோக்கிச் செல்லும் செங்குட்டுவன் நீலகிரியில் பாடியமைத்துத் தங்கிக் கூத்துக் காண்கிறான். அது இம்மலையே என்பார் உண்டு, மறுப்பாரும் உண்டு. கன்னேரிமுக்கு மாளிகையின் முற்றத்தில் நிற்பவர் மனத்தில் ஒரு வினா எழ வேண்டும். ஒரு மலையை எவர் 'கண்டுபிடிக்கிறார்'? முன்பே அங்கு வாழ்ந்தவர் எந்தக் கணக்கில் வருவர்?

கோத்தகிரி வட்டத்தில் வெள்ளரிக்கொம்பை என்னும் குறும்பர் ஊருக்கு அருகே பழைய பாறை ஓவியங்கள் உள்ளன. அப்பாறையை எழுத்துப்பாறை என்று வழங்குகின்றனர். அங்கே எழுத்து ஒன்றும் இல்லை, இருப்பவை ஓவியங்கள். ஆயினும் பெயர் பிழையன்று. எழுதுதல் என்னும் சொல்லுக்குச் சித்திரம் தீட்டுதல் என்ற பொருள் பழந்தமிழில் உண்டு. தொய்யில் எழுதுதல் என்பது புலவர்கள் நன்கறிந்த தொடர். நூல்களில் அகராதிப் பொருளாக ஒடுங்கிய ஒரு வழக்கு, ஒரு மலைப்பாறையின் பெயரில் உயிரோடிருக்கிறது. அவ்விடத்துக்கு ஊராரின் துணையும் காட்டுத்துறையின் இசைவும் இன்றிச் செல்லலாகாது. செல்ல இயலாவிடினும், அப்பெயரைக் கேட்டறிந்து திரும்புவதே ஒரு கவிஞருக்குப் பயணப்பயன்.

மூன்றாவது காரணம் தேயிலை. அதுவே இவ்வுரையின் உள்ளீடு. கோத்தகிரிச் சாலையின் இருபுறமும் பச்சை விரிப்பாகத் தெரிவது அழகுதான். அதன் அழகை எழுதிய கவிதைகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அப்பச்சை தானாக அமைந்ததன்று. சோலையும் புல்வெளியும் அழிந்த இடத்தில், கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்தப்பட்ட மரங்களின் நிறம் அது. வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும். கொழுந்து பறிக்கும் கைகளுக்கு எட்டுமாறு தலைமுறை தலைமுறையாக அது குறுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கைகள் எவருடையவை?

1964 அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் உடன்படிக்கை செய்தனர். இலங்கை மலையகத் தோட்டங்களில் உழைத்த, நாடற்றவராக்கப்பட்ட தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. மீதியிருந்த 1,50,000 பேரை 1974-இல் மற்றோர் உடன்படிக்கை சரிபாதியாகப் பிரித்தது. மனிதரை எண்ணிப் பங்கிட்ட அவ்வேட்டில் அம்மனிதரின் கையொப்பம் இல்லை. கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவருள் பலர் தேயிலையைத் தவிர வேறு தொழில் அறியாதவர். அவர்களுக்கு வேலை தரவெனத் தமிழக அரசு 1968-இல் தொடங்கிய திட்டமே பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் அத்தோட்டங்கள் எழுந்தன. வேறு பலர் தனியார் தோட்டங்களில் கூலிவேலை தேடிக் கோத்தகிரியிலும் சுற்றுப்புறத்திலும் தங்கினர்.

அவர்களைக் குறிக்க அரசு ஆக்கிய சொல் 'தாயகம் திரும்பியோர்' என்பது. சொல்லாய்வில் தேர்ந்த இவ்வவை இத்தொடரைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். அவருள் பெரும்பாலோர் இலங்கையில் பிறந்தவர். அவருடைய தந்தையரும் அங்கே பிறந்தவராக இருக்கலாம். பிறந்த மண்ணை விட்டு, ஒருநாளும் கண்டிராத நிலத்துக்கு வந்தவரைத் திரும்பியோர் என்றது சட்டம். அயலவர் அவர்களைச் 'சிலோன்காரர்' என்றனர். இலங்கையில் இந்தியத் தமிழர், இந்தியாவில் இலங்கைக்காரர். இருபுறமும் மற்றக் கரையின் பெயரால் அழைக்கப்பட்டவர்களுக்குத் தமிழில் சரியான பெயர் இன்னும் அமையவில்லை. இது கவிஞரின் வேலை அல்லவா?

இலங்கை மலையகத்தின் வாழ்வை சி.வி. வேலுப்பிள்ளை எழுதினார், அவருக்குப் பின் அங்கே வலுவான ஓர் இலக்கியம் வளர்ந்தது. ஆனைமலைத் தோட்டங்களின் துயரைப் பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலை, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். அதனைப் படித்தவர் நீலகிரியின் பச்சையைப் பழைய கண்ணால் காண இயலாது. படிக்காமல் செல்பவருக்கோ தேயிலைத் தோட்டம் படப்பிடிப்புத் தளமாகவே இருக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தோட்டத்து லயங்கள் காட்சிக்கூடங்கள் அல்ல. மந்தும் கோத்தர் ஊரும் அவ்வாறே. வறுமையைக் காணப் போவது, அருவியைக் காணப் போவதைவிடத் தாழ்ந்த செயல். கூடை சுமந்து வரும் பெண்ணை நிறுத்திப் பேட்டி காண எவருக்கும் உரிமை இல்லை. எடை போடும் வேளை தவறினால் அவருக்குக் கூலி தவறும். கோத்தகிரிப் பேருந்து நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பது போதும். படகமொழியும், கொங்குத் தமிழும், கண்டித் தமிழின் சாயலும் ஒரே பலகையில் அமர்ந்து தேநீர் அருந்துவதைக் கேட்கலாம். எவரேனும் தாமே பேசத் தொடங்கினால் கேட்கலாம். தொடங்காவிடின் தேநீருக்குக் காசு கொடுத்து எழுந்து வரலாம். மலைபடுகடாம் கூத்தரை ஊர்தோறும் விருந்தாகவே நுழையச் சொல்கிறது. விருந்தினர் வீட்டைச் சோதிப்பதில்லை.

ஆகவே மூன்று நாளுக்கு இப்படி ஒரு முறை அமைக்கலாம். சனிக்கிழமை காலை அரசுப் பேருந்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறுக. பிற்பகல் கன்னேரிமுக்கு. ஞாயிறு காலை கோடநாடு காட்சிமுனை; அங்கிருந்து மாயாற்றுப் பள்ளத்தாக்கையும் அப்பால் விரியும் சமவெளியையும் காணலாம். பிற்பகல் எதற்கும் ஒதுக்காமல் விடுக. நடக்கவும் கேட்கவும் சும்மா இருக்கவும் வேண்டிய பொழுது அது. பட்டியலில் அடங்காத ஒன்று வந்து சேர்வதும் அப்பொழுதில்தான். திங்கள் காலை ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள குன்னூருக்குப் பேருந்து. பிற்பகல் மலை இரயிலில் இறக்கம். இடம் கிடைக்காவிடின் பேருந்தே போதும். தொட்டபெட்டாவும் ஏரியும் பைக்காராவும் விடுபட்டனவே என வருந்துவோர் உண்டு. விட்டவை அங்கேயே இருக்கும்.

குறிஞ்சி பூக்கும் ஆண்டன்று என்றும் வருந்த வேண்டா. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெருக மலர்ந்தது. அக்கணக்கில் அடுத்தது 2030. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிய கபிலர் மரபில் வந்தோர்க்கு, பூவாத ஆண்டில் அச்செடியைப் பார்த்து அடையாளம் கொள்வதும் ஒரு கல்வியே. பூத்தபோது எல்லாரும் அறிவர்.

ஃபெனிசியோ தேடியது கிடைக்கவில்லை. கண்டதை எழுதி வைத்தார். அக்கடிதம் அவர் அறியாமலே அவர் முடிந்த புல். நானூறு ஆண்டுக்குப் பின்னும் தோடரைப் பற்றி அறிய வருபவர் அந்த முடிச்சைக் கண்டே வழி தெரிந்துகொள்கின்றனர். மலைக்குச் சென்று மீளும் கவிஞர் மூடுபனியைப் பற்றி மேலும் ஒரு கவிதை தருவதில் பிழையில்லை. அதனுடன் ஒரு சொல்லையேனும் கொண்டு வர வேண்டும்: எழுத்துப்பாறை போன்ற ஓர் ஊர்ப்பெயர், ஒரு தோட்டத் தொழிற்சொல், ஒரு கோத்தர் இசைக்கருவியின் பெயர், அல்லது 'திரும்பியோர்' என்ற சொல்லின்மேல் எழுந்த ஓர் ஐயம். கொண்டு வந்ததைப் பத்து ஆண்டு நிறைந்த இவ்வட்டத்தின் கூட்டத்தில் மற்றவர்க்குச் சொல்ல வேண்டும். அடுத்து எஞ்சிய நாளோடு அந்தச் சந்திக்கு வந்து நிற்பவர், முடிந்த புல்லைக் கண்டு வலப்புறம் திரும்புவார்.